கேத வீட்டுக் காற்று

முதல் ரத்தம் ஒரு காதிலிருந்து வந்தது, கண்ணுகளா. மனசு இளகினவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை நெடுக ரத்தம்தான். அழகு பண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது, நடந்த வரிசையில் சொல்கிறேன்.

இத்தாலியின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் வெல்மா என்று ஓர் ஏரி. மேற்குக் கரையில் ஒரு குன்று, அதன் ஊர் கொர்னா. எதிரே கிழக்குக் கரையில் இன்னொன்று, அதன் ஊர் பத்தேனா. இரண்டு குன்றிலும் திராட்சை. அதைத் தவிர வேறு பயிர் தெரியாது அவர்களுக்கு. கொர்னா முழுக்கக் கூழாங்கல் சரிவு. எந்தக் காலத்திலோ பனியாறு உருட்டிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போன கல். பத்தேனா களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொர்னா ஒயின் நாக்கில் உப்புக்கல் பட்ட மாதிரி சுருக்கென்று இருக்குமாம். பத்தேனா ஒயின் நாவல்பழச் சாறு போல அடர்த்தியாக இறங்குமாம்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு காற்று இருந்தது. மதியம் சாய்ந்ததும் தெற்கே ஏரியின் கழுத்து வழியாகப் புகுந்து, குலைகளின் ஈரத்தைத் துடைத்துவிட்டு மலைக்குப் போகும். அது வந்தால் பழத்தில் பூஞ்சை பிடிக்காது, இரவில் கொடி குளிரும். பூமி சூடேறிய பிறகு அந்தக் காற்று மெலிந்து போனது. ஏதோ ஒரு கம்பெனி வந்தது. ஏரியின் கழுத்தில் பனை உயரத்துக்கு வரிசையாகக் கோபுரங்களை நட்டது. ஒவ்வொன்றிலும் கதவு போல அகலமான இரும்பு இலைகள். ஊரார் அதைக் கதவு என்றே சொன்னார்கள். மேற்கே திருப்பினால் காற்று முழுவதும் கொர்னாவுக்கு, கிழக்கே திருப்பினால் பத்தேனாவுக்கு. பாதிப் பாதியாகப் பிரித்தால் யாருக்கும் பயனில்லாத காற்றை, முறை வைத்துக் கொடுத்தால் இரண்டு ஊரும் பிழைக்கும் என்றார்கள். நல்ல யோசனைதான், இல்லையா?

அதுவரை ஆலங்கட்டி விழுந்தால் வானத்தைத் திட்டினார்கள். வானத்துக்குக் காது கிடையாது, திட்டோடு போகும். கோபுரம் வந்த பிறகு ஆலங்கட்டிக்கும் வெயிலுக்கும் பூஞ்சைக்கும் ஒரு பொறுப்பாளி கிடைத்துவிட்டான்: எதிர்க்கரைக்காரன். முதல் கோடையில், கால்மணி நேரக் காற்றுக்காக, கொர்னாக்காரன் ஒருவன் பத்தேனாக்காரன் காதைக் குலை வெட்டும் கத்தரிக்கோலால் சந்தையில் வைத்து நறுக்கினான். பதிலுக்கு நாய்களுக்கு விஷம் வைத்தார்கள். அதற்குப் பதிலாக, எழுபது வயதுக் கொடிகளை வேரடியில் ரம்பம் போட்டு அறுத்தார்கள். டிராக்டரில் ஒருவனைக் கட்டி இழுத்தார்கள். இலைகளைத் திருப்பும் பொறுப்பு இயந்திரத்திடம் இருந்தது. இயந்திரத்தையே எதிராளி விலைக்கு வாங்கிவிட்டான் என்று இரண்டு ஊரும் சத்தியம் செய்தன.

அப்போதுதான் சுருளியம்மாளுக்கு அந்த வேலை வந்தது.

சுருளியம்மாள் நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்காரி. திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டிக் கை காய்த்தவள். புருஷன் பவுன்ராஜோடு பிழைக்கப் போய், ஏரிக்கரை நகரத்தில் கூலிக்கு இருந்தாள். இரண்டு ஊரையும் கூட்டி வைத்து மேயர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில், தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தவள், தெரிந்த அரைகுறை இத்தாலியனில் சொன்னாளாம்:

“எங்க பக்கம் கண்மாய் மடைச் சாவியை நிலம் இருக்கிறவன் கையில கொடுக்க மாட்டோம். ஒரு குழி நிலம்கூட இல்லாத குடும்பத்துக்கிட்ட கொடுப்போம். எங்கப்பா வீடு அப்படிப்பட்ட வீடு. அவனுக்கு எந்த வயலும் சொந்தமில்ல, அதனால எல்லா வயலும் ஒண்ணுதான்.”

மேயர் தலையை நிமிர்த்தினார். “உனக்கு இங்கே நிலம் இருக்கா?”

“என் செருப்புக்கு அடியில இருக்கிறதுகூட எனக்குச் சொந்தமில்ல.”

கொர்னாவும் பத்தேனாவும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அவள் உள்ளங்கையைக் கண்ணாடித் தகட்டில் பதிய வைத்தார்கள். அந்தக் கை பட்டால்தான் இலைகள் திரும்பும். ஒரு நாள் மேற்கு, மறுநாள் கிழக்கு. எந்தக் குன்றின் மண்ணிலும் கால் படக்கூடாது என்று பவுன்ராஜ் ஏரிப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். வெட்டுக்குத்து நின்றது. முழுதாக நிற்கவில்லை, மூக்கு உடைவதோடு நின்றது. அந்த ஊர்களுக்கு அதுவே பெரிய சமாதானம்.

பத்தேனாவின் பெரிய தோட்டக்காரன் ஒத்தோரினோ. ஆள் பீப்பாய் மாதிரி. முறை நாளில் கோபுரத்தடிக்கு வந்து அவளை வம்பிழுப்பான். சுருளி என்ற பேர் அவர்கள் வாயில் சூரி ஆகியிருந்தது.

“சூரி, இந்தக் கைக்கு முத்தம் கொடுக்கவா, கடிக்கவா?”

“கழுவிட்டுக் கடிங்க. காலையில மீன் அறுத்த கை.”

“நேத்து கொர்னாவுக்கு ஒரு மூச்சுக் காத்து கூடப் போச்சாமே?”

“அது நெல்லா வீட்டுக்காரர் விட்ட பெருமூச்சு. அதுக்கு நான் கணக்கு வைக்கலை.”

அவன் வயிறு குலுங்கச் சிரிப்பான். நெல்லா கொர்னாவில் பெரிய வீட்டுக்காரி. அவள் புருஷன் அர்துரோ படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

அந்த அர்துரோ ஒரு காலையில் இறந்துபோனார். அறுவடை கையெட்டும் தூரத்தில் இருந்த நேரம். மதியத்துக்கு மேல் அடக்கம். அன்று பத்தேனாவின் முறை.

கம்பம் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்து கேதமானால், அன்றைக்கு யார் முறையானாலும் முதல் தண்ணீர் கேத வீட்டு வயலுக்கு. அழுதுகொண்டிருப்பவன் மண்வெட்டி எடுக்க முடியாது, மற்றவர்கள் பாய்ச்சிவிடுவார்கள். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். சுருளியம்மாளுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை. இலைகளை மேற்கே திருப்பினாள்.

சோறு கொண்டுவந்த பவுன்ராஜ் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

“ஏ புள்ள, இன்னைக்கு அந்தப் பக்கமில்ல?”

“அர்துரோ பெரியவரு போயிட்டாரு மாமா. கேத வீடு.”

“ஒத்தோரினோகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேத வீட்டுக்கு விடுறதுக்கு யாருகிட்ட கேப்பாங்க? நாளைக்கும் நாளன்னைக்கும் சேர்த்து அவருக்கு விட்டுக்கலாம்.”

“இது கம்பம் இல்லடி. இவனுங்களுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்?”

“செத்தா அழுவுறது எல்லா ஊருலயும் ஒண்ணுதான். சாப்பிடு மாமா.”

அடக்க மணி அடித்துக்கொண்டிருக்கும்போது கிழக்கே வானம் கறுத்தது. முட்டை முட்டையாக ஆலங்கட்டி விழுந்தது. பத்தேனா மேல் மட்டும். கொர்னாவில் சவப்பெட்டி மேல் ஒரு துளி விழவில்லை. வலை கட்டியிருந்த கம்பங்கள் முறிந்தன. கொடிகளைக் காப்பாற்ற வலையை இழுத்துப் பிடித்திருந்த ஒத்தோரினோவின் தம்பி பியரோவின் நெஞ்சில் ஒரு கம்பம் குத்தி முதுகு வழியாக வந்தது. ஒத்தோரினோ அவனைக் கம்பத்தோடு தூக்கிக்கொண்டு, நசுங்கிய பழச்சாற்றில் வழுக்கி வழுக்கி ஓடினான். வாசலுக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. அங்கே நின்று நிமிர்ந்தவன் கண்ணில் பட்டது ஏரியின் கழுத்து. தன் முறை நாளில், இரும்பு இலைகள் அத்தனையும் கொர்னாவைப் பார்த்து நின்றன.

இனி கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ராசாக்களா.

மறுநாள் காலையில் ஒத்தோரினோ கொடி வெட்டும் வளைகத்தியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கொர்னாவுக்குப் போய் நெல்லா வீட்டுக் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தது அவளுடைய ஒரே மகன் மவ்ரோ. கையில் கறுப்புப் பட்டி கட்டியிருந்தான். கேதம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, “உங்க தம்பியைப் பத்திக் கேள்விப்பட்டேன், மாமா” என்று இரண்டு கைகளையும் நீட்டினான். நீட்டிய கைகளுக்கு நடுவில் கத்தி இறங்கியது. ஒருமுறை இல்லை. நெல்லா கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் மகன் வாசற்படியில் தன் குடலைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “அம்மா, கதவைச் சாத்து” என்றான். அதோடு முடிந்தது.

கொர்னாவில் எல்லா வீட்டிலும் காட்டுப்பன்றி சுடும் துப்பாக்கி உண்டு. அன்று மதியம் எதிர்க்கரையில் பியரோவின் சவப்பெட்டி தெருவுக்கு வந்தபோது, படகுகளில் போய்ச் சுட்டார்கள். பெட்டியைத் தூக்கியவன் ஒருவன் விழுந்தான். பெட்டி விழுந்து திறந்தது. குனிந்து அதை மூடப்போன பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தியும் அதன் மேலேயே விழுந்தாள். பத்தேனாக்காரர்கள் துறைக்கு ஓடி, அங்கே வந்து நின்ற படகில் கையில் கிடைத்தவனைப் பிடித்தார்கள். அது பவுன்ராஜ். படகுக் கயிறு சுற்றும் உருளையில் அவன் வலது கையை வைத்துச் சுற்றினார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக உடைந்த சத்தம் கரையிலிருந்தவர்களுக்குக் கேட்டதாம். அப்புறம் அவனை இழுத்துக்கொண்டு, கொர்னாவிலிருந்து திரும்பியிருந்த ஒத்தோரினோவின் பின்னால் கோபுரத்துக்குக் கிளம்பினார்கள். மேற்குச் சாலையில் கொர்னாவும் துப்பாக்கிகளோடு கிளம்பியது.

கோபுரத்துக்குள் சுருளியம்மாளும் திரெசாவும் இருந்தார்கள். திரெசா கம்பெனியின் பொறியாளர். இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, அங்கேயே தங்கியிருந்தவள். கண்ணாடி வழியே இரண்டு கூட்டமும் தெரிந்தது. கிழக்குக் கூட்டத்துக்கு முன்னால் பவுன்ராஜின் கழுத்து. அந்தக் கழுத்தில், மவ்ரோவின் ரத்தம் துடைக்காத ஒத்தோரினோவின் வளைகத்தி.

“சூரி!” ஒத்தோரினோவின் குரல் இரும்பில் மோதி வந்தது. “அடுத்த அறுவடை வரைக்கும் காத்து எங்களுக்கு! இல்லேன்னா இவன் தலையை மேலே எறிவேன், பிடிச்சுக்கோ!”

மேற்கிலிருந்து ஒருவன் கத்தினான். “திருப்பிப் பாரு, கோபுரத்தையே கொளுத்துறோம்! நீயும் உள்ளேதான் இருக்கே!”

கல் ஒன்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து சுருளியம்மாளின் நெற்றியைக் கிழித்தது. அவள் துடைக்கவில்லை. திரெசாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ரெண்டு பக்கமும் ஒண்ணா திற. குறைஞ்ச காத்தா இருந்தாலும் பரவாயில்ல. நீ படிச்சவ, ஏதாவது பண்ணு. என் மாமனை அறுத்துருவாங்க!”

திரெசா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணுதான், சூரி.”

“என்ன சொல்றே?”

“இந்தக் கதவு வேலை செய்யலை. நீ வர்றதுக்கு முன்னாலேயே செத்துப்போச்சு. ஏரித் தண்ணி சூடாயிடுச்சு, காத்து இப்போ கோபுரத்துக்கு மேலே ஏறிப் போகுது. இலைக்கு எட்டவே எட்டாது. போய் மலையில முட்டி, ரெண்டு சரிவுலயும் தானா இறங்குது. தினமும், ரெண்டு பேருக்கும்.”

“இலை திரும்புதே? நான் தினம் திருப்புறேனே?”

“இரும்பு திரும்புது. அவ்வளவுதான்.”

சுருளியம்மாள் நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க, அவளையே பார்த்தாள். “அப்புறம் எப்படிக் கொர்னாப் பழத்துல புளிப்பு நிக்குது, பத்தேனாப் பழம் கொழகொழன்னு வருது? காத்து கூடுச்சு குறைஞ்சுதுன்னுதானே வெட்டிக்கிட்டாங்க?”

“மண்ணு, சூரி. கொர்னாவுல கல்லு. தண்ணி நிக்காது, வேர் ஆழத்துக்குத் தேடிப் போகும். பகல்ல சுடும், ராத்திரி சட்டுனு ஆறிடும். பத்தேனாவுல களி. ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், பழம் மெதுவா, கனமாகும். பூஞ்சையும் அங்கேதான் முதல்ல வரும். ஒரே காத்துதான், கால் ஊன்றின இடம் வேற. இவங்க குடிக்கிறது மண்ணை, அடிச்சுக்கிறது காத்துக்கு.”

“ஆலங்கட்டி?”

“மேகம் எங்கே விழணுமோ அங்கே விழுந்துச்சு. உன் கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“இதை ஏன்டி சொல்லலை?”

“சொல்லக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. அப்புறம் நீ வந்தே, வெட்டு நின்னுச்சு. கதவு வேலை செய்யலை, சூரி. நீ வேலை செஞ்சே. அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரலை.”

சுருளியம்மாள் அவளை ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் கண்ணாடித் தகட்டில் கையை வைத்தாள். இதுவரை செய்யாததைச் செய்தாள். மேற்கையும் மூடினாள், கிழக்கையும் மூடினாள். இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, ஏரியின் கழுத்தே இரும்புச் சுவராயிற்று. படியிறங்கி இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றாள்.

“எல்லாக் கதவையும் சாத்திட்டேன்!” என்று கத்தினாள். “கம்பெனி சொன்னபடி பார்த்தா இப்போ ரெண்டு ஊருக்கும் காத்து நிக்கணும். நில்லுங்க. எப்போ நிக்குதுன்னு பாருங்க!”

துப்பாக்கிகள் தாழ்ந்தன. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். காற்று வந்துகொண்டிருந்தது. மேற்குச் சரிவில் கொடிகளின் இலைகள் வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டிப் புரண்டன. கிழக்குச் சரிவில், ஆலங்கட்டிக்குத் தப்பிய இலைகளும் அதே மாதிரி புரண்டன. நெல்லாவின் கறுப்பு முக்காடு படபடத்தது. ஒத்தோரினோவின் நெற்றியில் முடி ஆடியது. நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். காற்று நிற்கவில்லை.

“அது யார் கையிலயும் இல்ல, ஐயா” என்றாள் சுருளியம்மாள். “என் கையிலயும் இருந்ததில்ல. நான் நேத்து கேத வீட்டுக்குன்னு விட்டது வெறும் இரும்புச் சத்தம். என் மாமனை விட்டுருங்க.”

ஒத்தோரினோவின் உதடு அசைந்தது. “அப்போ பியரோவைக் கொன்னது?”

“ஆலங்கட்டி.”

“யாரு அனுப்பினது?”

“யாரும் அனுப்பலை.”

“அப்போ நான் அந்தப் பையனை...” அவன் தன் சட்டைக் கையைப் பார்த்தான். அதில் காய்ந்திருந்ததைப் பார்த்தான். சவப்பெட்டியை நோக்கிச் சுட்ட கொர்னாக்காரன் ஒருவன் துப்பாக்கியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஒரு வினாடி, கண்ணுகளா, ஒரே ஒரு வினாடி, அத்தனை பேரும் என்ன செய்தோம் என்று பார்த்தார்கள்.

அது தாங்கக்கூடிய வினாடி இல்லை.

“பொய்!” என்று ஒருவன் கத்தினான். எந்தப் பக்கத்துக்காரன் என்று தெரியாது. “பொய் சொல்றா! மிச்சக் காத்து அது, இப்போ நின்னுடும்!” “கதவு ஓட்டையா இருக்கும்!” “அவ புருஷனுக்காகச் சொல்றா!” இரண்டு ஊரும் ஒரே குரலில் கத்தின. ஒத்தோரினோவின் கத்தி பவுன்ராஜின் கழுத்தில் மறுபடி அழுந்தி, தோல் பிளந்து, சட்டைக்குள் சிவப்பு இறங்கியது.

“சொல்லு” என்றான். உத்தரவு மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. “கதவு வேலை செய்யுதுன்னு சொல்லிடு, சூரி. சொல்லிட்டா இவனை விட்டுடறேன். சத்தியமா விட்டுடறேன்.”

“சுருளி, சொல்லாத” என்றான் பவுன்ராஜ். சொல்லும்போதே பல் கிட்டியது.

அப்போது நெல்லா நடந்து வந்தாள். மகனின் ரத்தம் அவள் பாவாடையில் மடிப்பு மடிப்பாக உறைந்திருந்தது. இவளாவது எனக்காகப் பேசுவாள் என்று சுருளியம்மாள் நினைத்தாள். நெல்லா அவள் காதருகே குனிந்தாள்.

“நீ சொல்றது நிஜம்னு எனக்குத் தெரியும். கல்லு மண்ணு எனக்குத் தெரியாதா? ஆனா கேளு. என் மகன் காத்துக்காகச் செத்தான்னா அவனுக்கு ஒரு கல்லறை வைப்பேன், பேரு வெட்டுவேன். ஒண்ணுமே இல்லாததுக்குச் செத்தான்னா அந்தக் கல்லுல நான் என்ன எழுதட்டும்?”

“பெரியம்மா, அவன்தான் உங்க மகனைக் கொன்னவன்...”

“தெரியும். பத்தேனா பக்கமே திற. நேத்து அவங்க முறையைத்தானே நாங்க எடுத்துக்கிட்டோம்? கொடுத்துடு. அவங்ககிட்ட எடுத்ததாவது நிஜமா இருக்கட்டும்.”

சுருளியம்மாள் பவுன்ராஜைப் பார்த்தாள். அவன் கழுத்தில் சிவப்பு பட்டையாக அகன்றிருந்தது. அவள் திரும்பிப் படியேறினாள். திரெசா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வழிவிட்டாள். தகட்டில் கையை வைத்தாள்.

இரும்பு முனகியது. ஒவ்வொரு இலையாகக் கிழக்கே திரும்பி, கடைசி இலை ‘டக்’கென்று பொருந்தியது.

“வந்துடுச்சு!” என்றது பத்தேனாக் கூட்டம். சிலர் அழுதார்கள். ஒத்தோரினோ கத்தியை ஏரியில் எறிந்துவிட்டு, பவுன்ராஜின் உடைந்த கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, “போ, போ” என்று முதுகில் தட்டினான். மேற்குப் பக்கம் கொர்னாக்காரர்கள் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்கள். ஒருவன் தொப்பியால் விசிறிக்கொண்டு புழுங்குகிறது என்றான். இன்னொருவன் ஆமாம் என்றான்.

நெல்லா அவர்களுக்கு நடுவில் நின்றாள். காற்றில் முகத்தில் வந்து அறைந்துகொண்டிருந்த கறுப்பு முக்காட்டை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“இலைகூட அசையல, பாரு.”